கீழறைக்குள் தண்ணீர்

அன்புள்ள அக்கா,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால், உடன்பிறக்காவிட்டாலும் அக்கா என்றே அழைத்துப் பழகிய உரிமையில் எழுதுகிறேன்.

கொள்ளிடத்தில் வெள்ளம். திருமழபாடியில் எங்கள் வீட்டுக்கு அடியில் கட்டிய அறைக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன், மோட்டார் போட்டு இறைத்தேன். நிற்கவில்லை. "பழைய சாமான்தானே, நனைஞ்சா நனையட்டும் வுடு" என்றார் இவர். என்னால் எப்படி விட முடியும்? பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்த என் மகள் பூவிழியையும் உங்கள் மகனையும் இவருக்குத் தெரியாமல் அங்கேதான் வைத்திருந்தேன். முழங்கால் வலியால் இவர் படி இறங்குவதில்லை.

இன்று காலை மோட்டார் நின்றுவிட்டது. தண்ணீர் கட்டிலைத் தொட்டதும், "ரெண்டு பேரும் மேல வாங்க" என்று கத்திவிட்டேன். இவர் காதில் விழுந்துவிட்டது.

நனைந்தபடி மேலே வந்து நின்ற மகளைப் பார்த்தார். உள்ளே போனார். எதை எடுத்து வரப் போகிறாரோ என்று நான் குறுக்கே போய் நின்றேன்.

வாளியோடு வந்தார். அதை உங்கள் மகனிடம் நீட்டி, "நீ மொண்டு குடு, நான் ஊத்துறேன்" என்றார்.

இருவரும் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் இன்னும் வருகிறது. உங்கள் மகன் இவருடைய வேட்டியைக் கட்டியிருக்கிறான். அவனுக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வாருங்கள் அக்கா.

சம்பந்தி என்று எழுதக் கை வராத
உங்கள் தங்கை