மூன்று மில்லிமீட்டர்

பிப்ரவரி 9, திங்கள்

அத்தானின் ரத்தப் பரிசோதனை லேபுக்கு ரிப்போர்ட் அடிக்கிற புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு இன்றோடு ஐந்து வாரம். இன்றைக்குப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் பகுதி. என்னென்ன பிரிண்டர் இருக்கிறது என்று கேட்டால் விண்டோஸ் ஒரு பட்டியல் கொடுக்கும். அதில் முதல் பெயரை எடுத்துக்கொள் என்று எழுதி, பொத்தானை அழுத்தினேன். "அச்சடிக்கப்பட்டது" என்று திரையில் வந்தது. தாள் மட்டும் வரவில்லை.

இருபது நிமிடம் மேசைக்கடியில் தவழ்ந்து ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். பிறகுதான் பார்த்தேன், பட்டியலில் முதல் பெயர் ஃபேக்ஸ். இந்த வீட்டில் ஃபேக்ஸ் மெஷினே கிடையாது.

இவள் (மனைவிதான்) கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வராத பேப்பருக்கு எதுக்குங்க இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

மாற்றிவிட்டேன். எது வழக்கமான பிரிண்டர் என்று விண்டோஸ் சொல்கிறதோ, அதிலேயே அடி. யாரையும் ஒன்றும் கேட்காதே. ஒரே வரி. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மாதிரி ரிப்போர்ட்டோடு லேபுக்குப் போனேன். அத்தானுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். "என் மச்சினன் செஞ்சது" என்று ரத்தம் கொடுக்க வந்தவரிடமெல்லாம் காட்டினார். பாவம், ஊசி போட்ட கையை மடக்கிப் பிடித்துக்கொண்டே அவர்களும் தலையாட்டினார்கள்.

ரிப்போர்ட் தட்டச்சு செய்வதும் கையெழுத்துப் போடுவதும் அங்கே ஒரே ஆள்தான். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் கண்ணாடி அக்கா. பதினான்கு வருடமாக இருக்கிறார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, பழைய ஃபாரத்துல சுத்தி ஒரு கட்டம் இருக்கும். அந்த மாதிரி நாலு பக்கமும் கோடு போட்டுக் குடுங்களேன்" என்றார்.

"இப்பல்லாம் யாருக்கா கட்டம் போடறாங்க? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்" என்றேன். அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டார்.

பரிசோதனை முடிவு எண்களை வலது ஓரத்தில் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன். விளிம்பிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளி. அழகு.

பிப்ரவரி 16, திங்கள்

லேபில் நிறுவியாயிற்று. முன்னறையிலிருக்கும் பிரிண்டரில் நாற்பது ரிப்போர்ட், ஒரு பிசகில்லை. என் கூடப்பிறந்த அக்கா, அத்தானின் மனைவி, போன் செய்து, "அவரு உன்னைப் பத்தியே பேசிட்டு இருக்கார்டா" என்றாள். தரையில் கால் பாவவில்லை.

(யார் எப்போது எண்ணைத் திருத்தினார்கள் என்று குறித்துவைக்கும் பகுதி பாக்கி. அவசரமில்லை.)

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒரு பஸ் ஓட்டுநர். வழக்கமான பரிசோதனை. ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 25 என்று இருந்திருக்கிறது. 250 ஆயிரம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் 25 ஆயிரம். டாக்டர் பதறிப்போய் அவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அவர் மனைவி அரை நாள் அங்கே அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் 250. மனிதர் கல்லு மாதிரி இருக்கிறார்.

டாக்டர் அத்தானைப் போனில் கிழி கிழியென்று கிழித்துவிட்டாராம்.

பிப்ரவரி 25, புதன்

லேபுக்கு ஓடினேன். கணினியில் அந்த ஓட்டுநரின் எண்ணைத் திறந்தேன், 250. அடித்துப் பார்த்தேன், 250. எனக்கு எவ்வளவு நிம்மதி! ஒரு மனிதன் செத்துப் பிழைத்திருக்கிறான், எனக்கு நிம்மதி.

"அப்ப பேப்பர்ல எப்படிடா 25 வந்துச்சு?" என்றார் அத்தான்.

நான் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பின்னால் மறுக்கக் கூடாது. "25ன்னு அடிச்சு பிரிண்ட் எடுத்திருப்பாங்க. அப்புறம் கவனிச்சு, கம்ப்யூட்டர்ல மட்டும் திருத்தியிருப்பாங்க அத்தான்."

கண்ணாடி அக்கா அங்கேதான் நின்றார். "நான் திருத்தலை சார்" என்றார் அத்தானிடம். பிறகு என்னிடம், "அன்னைக்கு பேப்பர் முன் ரூம்ல வரலை தம்பி, சார் ரூம்ல இருக்கிற கலர் பிரிண்டர்ல வந்துச்சு. நாந்தான் போய் எடுத்துட்டு, அடுத்ததுலேர்ந்து முன் ரூம் பிரிண்டருக்கே மாத்தி வச்சேன். பத்து பேரு காத்துட்டு இருந்தாங்க, அவசரத்துல பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அது என் தப்புதான். ஆனா நான் அடிச்சது இருநூத்தம்பது."

"எந்தப் பிரிண்டர்ல வந்தா என்னக்கா, நம்பர் மாறுமா?" என்றேன்.

மாறாது என்று நம்பித்தான் சொன்னேன். படித்தவன் அல்லவா!

தான் சொல்லும்வரை வரவேண்டாம் என்று அத்தான் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பதினான்கு வருடம். பையை எடுத்துக்கொண்டு அவர் போனதை நான் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பார்த்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

இவளிடம் சொன்னேன். "அந்தப் பேப்பரை நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

திருத்தங்களைக் குறித்துவைக்கும் பகுதியை உடனே போடச் சொல்லி அத்தான் கூப்பிட்டிருந்தார். "இனிமே எவளும் ஏமாத்தக் கூடாது" என்றார். போனேன். டாக்டர் திருப்பி அனுப்பிய தாள் இழுப்பறையில் மடித்துக் கிடந்தது. விரித்தேன்.

பிளேட்லெட் 25. சரி. அதற்கு மேலே ஹீமோகுளோபின். 13, ஒரு புள்ளி, அதோடு சரி. புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கணினியில் 13.1.

யாராவது புள்ளி வைத்துவிட்டு எண்ணை மறப்பார்களா? அந்த வரிசை முழுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணிலும் கடைசி இலக்கம் இல்லை. கத்தரி வைத்து வெட்டின மாதிரி, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில்.

அத்தான் அறைக்குப் போய், அங்கிருந்த கலர் பிரிண்டரை வழக்கமான பிரிண்டராக மாற்றிவைத்து, அதே ரிப்போர்ட்டை அடித்தேன். வந்தது 25.

விஷயம் இதுதான். நான் தாளின் விளிம்பிலிருந்து அளந்தேன். பிரிண்டர் அப்படி அளப்பதில்லை. ஓரத்தில் கொஞ்ச இடத்தில் அதனால் மை போடவே முடியாது. அதை விட்டுவிட்டு, போடமுடிகிற இடத்திலிருந்துதான் அது அளக்க ஆரம்பிக்கும். முன்னறைப் பிரிண்டர் நான்கு மில்லிமீட்டர் விடுகிறது, அதனால் தப்பித்தேன். கலர் பிரிண்டர் ஆறு விடுகிறது. ஆக எல்லாம் வலப்பக்கம் ஆறு நகர்ந்தது. நான் விட்ட ஒன்பதில் மிச்சம் மூன்று. அந்தப் பக்கமும் அதற்கு ஆறு வேண்டும். ஆக, மூன்று மில்லிமீட்டர் வெட்டுப்பட்டது. ஓர் இலக்கத்தின் அகலம். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் திரைக்கு விளிம்பு இல்லை.

கலர் பிரிண்டருக்கு ஏன் போனது? கடைசியாக எதில் அடித்தோமோ அதையே வழக்கமான பிரிண்டராக விண்டோஸ் மாற்றிவைத்துக்கொள்ளும், அந்த வசதி திறந்தே இருக்கிறது. அன்று காலை அத்தான் மகளின் பள்ளிக்காக அந்தக் கணினியிலிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சிப் படம் அடித்தாராம். அவரே சொன்னார், ஏன் கேட்கிறேன் என்று தெரியாமலே. என் புரோகிராம்தான் யாரையும் ஒன்றும் கேட்காதே!

கண்ணாடி அக்கா கேட்ட கட்டம் இருந்திருந்தால், வலப்பக்கக் கோடு காணாமல் போயிருக்கும். எத்தனை அவசரத்திலும் கண்ணில் பட்டிருக்கும்.

அத்தானிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, சனி

காலை முழுக்கப் புரோகிராமைத் திருத்தினேன். வேலை முடிந்தது. இனி என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதி அனுப்பவேண்டும். எழுதினேன்: "சில சிறு மேம்பாடுகள்."

எவ்வளவு நாசூக்கு! யாருக்கும் தெரியாது. அத்தானுக்குத் தெரியாது, கண்ணாடி அக்காவுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து "அவங்களை மன்னிச்சுக் கூப்பிட்டுக்கங்க அத்தான்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கூட வைக்கலாம். இதை யோசித்த மூளையை என்ன செய்வது?

இவள் எட்டிப் பார்த்துப் படித்தாள். "சிறு மேம்பாடா? அந்தம்மா வீட்டுல உட்காந்திருக்காங்களே, அது எந்த மேம்பாட்டுல வருது?"

சாப்பிடவே பிடிக்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். டாக்டர் திருப்பி அனுப்பிய தாள், கலர் பிரிண்டரில் நான் அடித்த தாள், இரண்டையும் மேசையில் வைத்து அத்தானிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தாள்களைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, "அவங்களைத் திருடி மாதிரி அனுப்பினேனேடா" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா தேநீரை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே திட்டு இருந்தது.

அங்கிருந்து கண்ணாடி அக்கா வீட்டுக்கு. மூன்றாவது மாடி. ஏறும்போது ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன், கதவு திறந்ததும் மறந்துவிட்டது. "தப்பு என்னுதுக்கா" என்று மட்டும் வந்தது. தாளை நீட்டினேன். கண்ணாடியை இறக்கி அந்தப் புள்ளியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், எழுதினால் என்ன?

"நாலு நாளா வீட்ல என்ன சொன்னேன் தெரியுமா? லீவுன்னு சொல்லியிருக்கேன். என் பொண்ணு, ஏம்மா லீவுல அழறேன்னு கேக்குறா."

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தனியா என்கிட்ட வந்து சொல்றது பெரிசில்ல தம்பி. எல்லாருக்கும் முன்னாலதான் என்னைச் சொன்னீங்க. அதே மாதிரி எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. அப்புறம் அந்தக் கட்டத்தைப் போடுங்க."

மார்ச் 2, திங்கள்

சொன்னேன். முன்னறையில், ஊசி போடுகிற இருவர், கூட்டிப் பெருக்குகிற அம்மா, வரிசையில் நின்ற ஏழு பேர் முன்னால். காது சிவக்க, "பிரிண்டர் விளிம்பு" என்று ஆரம்பித்தேன், யாருக்கும் புரியவில்லை. கூட்டுகிற அம்மா, "அதாவது இவருதான் தப்பு பண்ணாரு, அக்கா இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவைத்தார். எனக்குப் பதில் அவரே புரோகிராம் எழுதலாம்.

அத்தானும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். டாக்டருக்கும் போன் செய்து சொன்னார்.

பஸ் ஓட்டுநர் வீட்டுக்கு நான் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓ, நீங்கதானா அது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

கண்ணாடி அக்கா வேலைக்கு வந்துவிட்டார். இப்போது புரோகிராம் எந்தப் பிரிண்டர் என்று கேட்கிறது. அந்தப் பிரிண்டரிடம் "உன்னால் எதுவரை அடிக்க முடியும்?" என்றும் கேட்கிறது. இடம் போதாவிட்டால் அடிக்க மறுக்கிறது. சுற்றிலும் நான்கு கோடு.

கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 19, வியாழன்

ஒரு வாரமாக இவளுக்கு ஓயாத களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அத்தான் லேபிலேயே ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டுக்காக முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டுநரின் மனைவி இப்படித்தானே உட்கார்ந்திருப்பார், அரை நாள்.

பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கண்ணாடி அக்கா தாளை எடுத்து, கண்ணாடியை இறக்கி, விரலால் மேலே, கீழே, இடம், வலம் என்று கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளுக்கும் அப்படித்தான் செய்கிறாராம். என்னிடம் நீட்டி, "நாலும் இருக்கு. நீங்களும் ஒருதரம் பாத்துக்கங்க தம்பி" என்றார். குத்தலா, அக்கறையா, தெரியவில்லை. பார்த்தேன். நாலும் இருந்தது.

ஹீமோகுளோபின் 9.8. ரத்தம் குறைவுதான், மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமாம்.

"குறைச்சல்னு சொல்றாங்க, நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். புள்ளிக்குப் பின்னால் நின்ற அந்த எட்டைப் பார்த்துத்தான் என்று நான் சொல்லவில்லை.