இடக்கையால் ஆசீர்வதித்த நிக்கோலஸ்

என் கோபக்காரிக்கு,

புனித நிக்கோலஸ் திருநாள் படம் அச்சாகிவிட்டது. செம்புத் தகட்டில் கீறுவது தாளில் இடம்வலம் மாறி விழுமே, அதை மறந்துபோனேன். புனிதர் இடக்கையால் ஆசீர்வதிக்கிறார்.

"ஏன்யா, உம்ம புனிதர் ஆசி கொடுக்கிறாரா, ஈ ஓட்டுறாரா?" என்றார் பங்குச்சாமியார். ஆக்ஸ்பர்க் நகரம் முழுவதும் சிரிக்கிறது.

இருபது வருடமாக மாதிரிப் படத்துக்கு எதிரே நீதான் கண்ணாடி பிடித்தாய். அதில் இடம்வலம் மாறித் தெரிவதைப் பார்த்து நான் கீறுவேன். "படத்தப் பாருங்க, என்னயில்ல!" என்று திட்டுவாய்.

புனித மார்கரெட் படத்தில் அவர் காலடியில் கிடக்கும் வலுசர்ப்பத்துக்கு உன் அம்மா முகத்தை வைத்தது தப்புதான். அதற்குத்தானே தாய்வீடு போனாய்? சுரண்டிவிட்டேன். இப்போது அதற்கு என் முகம், பொருத்தமாகவே இருக்கிறது.

திருநாளுக்குள் புதுத் தகடு வேண்டும். கண்ணாடியை ஆணியில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாட்டிப் பார்த்தேன். ஆணி திட்டமாட்டேன் என்கிறது.

உன் அசட்டுக் கணவன்