இனி கீச்சிடாத கார்

வெலிசார்,

கார் எஞ்சின் பெல்ட்டை மாற்றிவிட்டேன்! நானே, இந்தக் கையாலேயே! வெடித்துப்போன பழையது வாசலில் கிடக்கிறது, வந்து கும்பிட்டுக்கொள். குடியிருப்பே பால்கனியில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. "ஸ்லாட்கா அக்கா, தண்ணி பம்ப்புல பெல்ட்டோட முதுகுப்பக்கம் படணும்!" என்று நாலாம் மாடி ஸ்தோயன் கத்தினான்.

"தெரியுதுடா, நீ போய் உன் மிளகாயச் சுடு!" என்றேன்.

அப்புறம் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. கழற்றி மறுபடி மாட்டினேன். இப்போது கார் பூனை மாதிரி வருகிறது!

இரண்டு வருஷமாக "அடுத்த சனிக்கிழமை மாத்திடறேன்" என்று நீ இழுத்தடித்ததும், நேற்று "என் டூல் பாக்ஸத் தொடாத!" என்று குதித்ததும் எதற்கென்று இன்றுதான் புரிந்தது. ஸ்பேனருக்கு அடியில் சிகரெட் பாக்கெட்! இரண்டு வருஷம் முன்பே ஈஸ்டரோடு விட்டுவிட்டாயாமே? பேக்கரி முனையில் கார் கீச்சிட்டால் போதும், நான் வருவதற்குள் அணைத்துவிடலாம். அடப்பாவி!

ப்ளெவென் பஸ்ஸில் வரும் உன் அக்காவைக் கூட்டிவரப் போகிறேன். அடைத்த குடமிளகாய் ஓவனுக்குள் இருக்கிறது. தயிர் ஊற்றிச் சாப்பிடு.

பின்குறிப்பு: பாக்கெட்டை ஸ்தோயனுக்குக் கூலியாகக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று: அந்தக் கீச்சு கேட்டதும் எனக்குக் காபியும் வைப்பாய். நான் மூன்று மாடி ஏறுவதற்குள் பொங்கியிருக்கும். அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. அதனால் பேக்கரி முனையில் இரண்டு முறை ஹாரன் அடிப்பேன்.

அது காபிக்கு மட்டும்.