நிச்சய வீட்டு லட்டு

வெள்ளி
காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஏ ஷிப்ட். ஆலை பஸ் தாமதம்.

ஞாயிறு அரும்பாவூரில் அக்கா மகளுக்கு நிச்சயம். பையில் வைக்க: சர்க்கரை மீட்டர், இன்சுலின் ஊசிப் பேனா, ஐஸ் பை, குளுக்கோஸ் பவுடர், கடலை.

நிலாவுக்குப் பத்து வயது. டைப் ஒன் சர்க்கரை வந்து மூன்று வருஷம். "அப்பா, லட்டு உண்டா?"
"முழுசா ஒண்ணு. சோத்தக் கொஞ்சம் கொறச்சுக்கலாம்."
வீடெல்லாம் குதித்தாள்.

ஞாயிறு
இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

சோறும் லட்டும் கணக்குப் போட்டு ஊசி போட்டேன். பந்தியில் உட்கார வைத்தேன். அதற்குள் தாய்மாமன் சீருக்கு மேடையில் கூப்பிட்டுவிட்டார்கள். மனைவி மலர் சீர்த் தட்டோடு என் பக்கத்தில். அந்த நேரம் பார்த்து அக்கா, இலையிலிருந்து லட்டை எடுத்திருக்கிறாள். "சக்கர உள்ள புள்ளைக்கு யாருடி இத வச்சது?" பந்தியே திரும்பிப் பார்த்ததாம். நிலா சோற்றையும் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியோரம் கண்டுபிடித்தேன். வேர்த்து ஊற்றியது. பேச்சு குழறல். மீட்டரில் 48. ஊசி போட்டும் சாப்பிடாததால் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். பின்னாலேயே வந்த அக்கா, "அய்யோ, சக்கரையவா குடுக்கற!" என்று கத்தினாள்.
"நீ தள்ளிப் போ."
அக்காவிடம் இப்படிப் பேசியதே இல்லை.

தெளிந்துவிட்டாள். சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டோம்.

திங்கள்
அக்கா போன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.
நிலாவுக்கு வைத்த சுண்டல் அப்படியே இருக்கிறது. தோழி கொடுத்த பிறந்தநாள் மிட்டாயை மலர் கையில் திணித்துவிட்டுச் சொல்கிறாள், "நீயே தின்னும்மா. எனக்கு இனிப்பே வேணாம்."
எந்த டாக்டர் கேட்டாலும் சந்தோஷப்படுவார். எனக்கு இது பிடிக்கவில்லை.

புதன்
அக்கா போனை எடுத்தேன். ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் என்னாகும் என்று மலர் அவளிடம் சொல்லியிருக்கிறாள்.
"புள்ளயக் கொன்னுருப்பேனேடா தம்பி." அழுகை.
"ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்க்கா."
வேலையில் மனசே இல்லை. ஒரே வால்வை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன்.

சனி
சொல்லாமல் வந்து நின்றாள் அக்கா. கையில் டிபன் டப்பா, அவளே பிடித்த சின்னச் சின்ன லட்டு. டப்பாவைத் திறக்கவில்லை. நிலா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.
"எத்தன குடுக்கலாம்னு நீ சொல்லு சாமி. அத்தைக்குத் தெரியாது."
நிலா நிமிரவே இல்லை. பிறகு, "ஒண்ணு."
பேனாவை எடுக்கப் போனேன். "நானே போட்டுக்கறேன்."
இதுவரை போட்டுக்கொண்டதில்லை. மீட்டர் பார்த்தாள். பேனாவில் அளவைத் திருப்பி வைத்து என்னிடம் காட்டினாள், சரியாக இருந்தது. சட்டையைத் தூக்கி, வயிற்றில். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.
"கண்ணத் தொறங்க அத்தை, முடிஞ்சுபோச்சு."
ஒரு லட்டு. மெதுவாக, உதிர்ந்ததையும் பொறுக்கித் தின்றாள்.
"முந்திரியே போடலையா?"
அக்கா அழுதுகொண்டே சிரிக்கிறாள்.