இரட்டைக் கோடு

நவம்பர் 4, 2003, செவ்வாய்

வைர வியாபாரம் நடக்கும் எங்கள் பெலிகான் தெருவில் உப்புமீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஃப்ராட்ல் ஒரு மோதிரத்தைக் கொடுத்தாள். வைரத் தரகன் லெய்சர் தந்தது. அவன் பாட்டி போட்டிருந்த வைரமாம். ஞாயிறன்று அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லப்போகிறாள். அதற்குமுன் கல் அசலா என்று, கல் மதிப்பிடுபவனான நான் பார்க்க வேண்டும். பார்ப்பதாகச் சொன்னேன். அவளை நானே கேட்டிருக்கலாமே என்பதைச் சொல்லவில்லை.

நவம்பர் 5

கல்மேல் ஊதினேன். ஆவி உடனே மறைந்தது, கண்ணாடி இல்லை. சோதனை ஊசியை வைத்தேன், கீச்சென்றது. வைரத்துக்கும் அப்படித்தான் கத்தும், மொய்சனைட் என்ற செயற்கைக் கல்லுக்கும் அப்படித்தான். சாய்த்து லென்ஸில் பார்த்தேன். பின்பக்கப் பட்டைகளின் ஓரம் இரண்டிரண்டு கோடாகத் தெரிந்தது. வைரத்தில் தெரியாது.

ஆனால் எனக்குக் கண்புரை. தெருவிளக்கே இரண்டாகத் தெரிகிறது. போதாததற்கு இந்தக் கல் போலியாக இருந்தால் எனக்குத்தான் ஆதாயம். பொய் சொல்வது கல்லா, கண்ணா, நானா?

நவம்பர் 6

மறைந்த என் மனைவி கித்தலின் மோதிரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒற்றைக் கோடு. அவளும் எதையும் இரண்டு விதமாகச் சொன்னதில்லை. லெய்சருடையது எந்தக் கண்ணில் பார்த்தாலும் இரட்டை. மொய்சனைட்தான். கடைக்கு வந்தே ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது. பாட்டி மேலுலகத்தில் வாங்கினாள் போலும்.

நவம்பர் 7, வெள்ளி

சொல்லப் போனேன். மீன் தின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று சனி, யூதர்களான எங்களுக்கு ஓய்வுநாள், எழுதக்கூடாது. நல்லவேளை, எழுதினால் புலம்பியிருப்பேன்.

இன்று கடையில் ஒளிவிலகலிலிருந்து ஆரம்பித்தேன்.

“ஒரே வார்த்தையில சொல்லுங்க ஐயா.”

“போலி.”

கல்லாவை வெகுநேரம் துடைத்தாள். பிறகு, “அப்போ என்னை யாரு கட்டிக்குவா? நீங்களா?” என்றாள். கேலிதான். என்னமோ சொல்ல வந்தேன், வந்து விழுந்தது— “மஸால்.”

கடவுளே. கல் வியாபாரம் முடிந்து கைகுலுக்கும்போது எங்கள் தெருவில் சொல்லும் வார்த்தை. கையெழுத்துக்கும் மேல். சொன்னவன் பின்வாங்கினால் அப்புறம் அவனிடம் யாரும் கல் காட்டமாட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த தரகர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாங்க சாட்சி” என்றான் ஒருவன், வாயில் மீனோடு.

ஃப்ராட்ல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சரக்கைத் திருப்பிக்கூடப் பாக்காம மஸால் சொன்ன மொத ஆளு நீங்கதான்யா” என்று ஈரக் கையை நீட்டினாள். குலுக்கினேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 10

லெய்சர் மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தானும் ஏமாந்தவன் என்றானாம். இருக்கலாம். பாட்டியைப் பற்றிப் பேச்சில்லை.

டிசம்பர் 14

கல்யாணமாகி ஒரு வாரம். வீட்டில் என் வேலை மேசையில் ஃப்ராட்லின் ஊறுகாய் ஜாடிகள். லென்ஸையும் தராசையும் எங்கே வைப்பது என்று கேட்டேன்.

“சமையக்கட்டத் தவிர எங்க வேணா வைங்க.”

கல் பார்க்க வேண்டிய வடக்கு வெளிச்சம் குளியலறையில் நன்றாகத்தான் விழுகிறது.