இல்லை என்றவர் குறித்த முகூர்த்தம்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

செத்தவனுக்குக் கடிதமா, எந்த விலாசத்துக்கு அனுப்பப்போகிறாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். செத்த பிறகு ஒன்றுமே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் நீங்கள். படிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருந்தால் பாதியிலேயே குறுக்கே பேசியிருப்பீர்கள்.

நீங்கள் போய் பத்து மாதம் ஆகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி மட்டும் விடவில்லை. நாங்கள் கார் நிக்கோபாரிலிருந்து மாற்றலாகி, நம் தீவுக்கே திரும்பி, இப்போது பத்துபஸ்தியில் இருக்கிறோம். மாமனாரும் எங்களோடுதான். ஹேடோ ஜெட்டியில் உங்கள் கரும்பலகையில் இப்போது வேறொருவர் எழுதுகிறார். கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம், சூரிய உதயம் எல்லாம் எழுதுகிறார்தான். கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது.

முந்தாநாள் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் என் கல்யாணக் கதையைச் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீங்கள் அதைக் கேட்டதே இல்லை.

வருஷம் தவறாமல் சித்திரை விழாவில் உங்களுக்கும் குடோன் ஸ்டோர்கீப்பர் வேலாயுதத்துக்கும் மேடையில் சண்டை. கடவுள் உண்டா, இல்லையா? அவர் உண்டு, நீங்கள் இல்லை. இந்தத் தீவில் வேறு தலைப்பே கிடைக்காதா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மேடையில் கிழிகிழி என்று கிழித்துவிட்டு இறங்கியதும் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பீர்கள். அப்படி ஒரு டீயில்தான் அவர் மகன் மணிக்கு என்னைப் பேசி முடித்தீர்கள். தாலி, மேளம், முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் சரி என்றீர்கள். "கல்யாணம் என் மக கொடிக்கு. அவ எப்படிக் கேக்குறாளோ அப்படி நடக்கட்டும்" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்கள் மேல் கொள்ளைப் பெருமை.

அந்த வருஷம் மெயின்லேண்டிலிருந்து நடுவர் வரவேண்டிய கப்பல் தாமதமானதால் விழா வைகாசிக்குத் தள்ளிப்போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழைக்குத் தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் நீங்கள் கறுப்புச் சட்டையோடு எழுந்து நின்றீர்கள்.

"ராகு காலம்கிறது சூரியன் உதிக்கிறதை வெச்சுப் போடுற கணக்கு, சரிதானே? உங்க வீட்டுக் காலண்டர்ல திங்கக்கிழமை ஏழரைலேருந்து ஒம்பதுன்னு போட்டிருக்கு. அது ஆறு மணிக்கு உதிக்கிற ஊருக்கு. இங்க இந்த மாசம் அஞ்சு அடிக்கிறதுக்குள்ள உதிச்சிருதே! அப்ப ராகு ஆறரைக்கே வந்து எட்டுக்கெல்லாம் போயிடுறாரு. திங்கக்கிழமை ஏழு மணிக்குத் தாலி கட்டினவங்க கையைத் தூக்குங்க பாக்கலாம்."

கொட்டகையில் பாதிப்பேர் கை தூக்கினார்கள். "அத்தனை பேரும் ராகு காலத்துல கட்டியிருக்கீங்க. புள்ளகுட்டியோட நல்லாத்தானே இருக்கீங்க? அப்ப ராகு எங்க? அவரை அனுப்பின ஆண்டவன் எங்க?"

கைதட்டல் அடங்கவே இல்லை. நடுவர் கேட்டதும் கூட்டமாகக் கைதூக்கி உங்களை ஜெயிக்கவைத்தார்கள். அடுத்த பத்தாம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு உங்கள் மகளுக்கு முகூர்த்தம் என்பது உங்களுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. கொட்டகை ஓரத்தில் நின்று நான் மட்டும் கைதட்டவில்லை.

நாங்கள் மாசி என்று கூப்பிடும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெங்காலி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் அவளுக்கே விஷயம் தெரிந்திருந்தது. "தேரா பாபா ஜீத் கயா, ஷாதி ஹார் கயா" என்று என் கன்னத்தைத் தடவினாள். உன் அப்பா ஜெயித்துவிட்டார், கல்யாணம்தான் தோற்றுவிட்டது என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் போய் குளியலறையில் அழுதேன்.

அன்றைக்கே வேலாயுதம் மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சம்பந்தி, நீங்க சொன்ன கணக்கு சரின்னு எனக்கே படுது. அதுதான் சங்கடம். எங்க ஆளுக எல்லாம் கேட்டுக்கிட்டுல்லா இருந்தாக. தெரிஞ்சே ராகு காலத்துல மருமகளைக் கூட்டிட்டு வரணுமான்னு கேக்காக."

"தேதியை மாத்துங்க."

"எங்க மாத்த? மணிக்கு லீவு, சுட்டி, பத்து நாளுதான். கல்யாணம் முடிஞ்ச வியாழனே ஜஹாஸ்ல, கப்பலேறி, அவன் கார் நிக்கோபார் திரும்பணும். இதை விட்டா ஆனியில சுட்டி கிடையாது, அப்புறம் ஆடி. தள்ளிப்போட்டா என்னென்ன பேசுவாகன்னு உங்களுக்குத் தெரியாதா?" குரலை இறக்கினார். "ஒண்ணு செய்ங்க. நாளைக்கு நம்ம ஆளுக கூடுவாக. கணக்குல தப்பு வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நம்பிருவாக."

அவர் போனதும் நான் உங்கள் முன்னால் வந்து நின்றேன். இருபது வயதில் அதுவரை உங்களை நான் ஒன்றும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு பொய்ப்பா. எனக்காக."

"வேற என்ன வேணும்னாலும் கேளும்மா. இதை மட்டும் கேக்காத. நாளைக்கு ஜெட்டி போர்டுல நான் எழுதுற நேரத்தை நம்பி ஒருத்தன் டோங்கிப் படகைத் தண்ணில இறக்குவான். கணக்கு தப்புன்னு இன்னைக்கு நான் பொய் சொன்னா, நாளைக்கு எதை நம்பி அவன் போவான்?"

டோங்கிக்காரன் மேல் இருக்கும் அக்கறை பெற்ற மகள் மேல் இல்லையா என்று கத்தினேன். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. இப்போது சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் எனக்குச் சாமி மேல் இருந்த கோபத்தைவிட உங்கள் மேல்தான் கோபம் அதிகம். உங்களிடமாவது கத்த முடிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்கள் சமையலறைக்குள் வந்து, அம்மாவின் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரைக் கழற்றினீர்கள். போச்சு, கிழிக்கப்போகிறீர்கள் என்று அம்மா பதறிப்போனாள். நீங்கள் தரையில் உட்கார்ந்து, ஆபீஸ் உதய அட்டவணையைப் பக்கத்தில் விரித்துவைத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தீர்கள். ராகு, எமகண்டம், குளிகை, ஒன்றையும் விடவில்லை. கடவுளே இல்லை என்று ஆயுள் முழுக்கப் பேசிய மனுஷன், மகளுக்கு நல்ல நேரம் குறித்துக்கொண்டிருந்தார். அம்மா கதவோரம் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"அதே திங்கக்கிழமை. அஞ்சு மணிலேருந்து ஆறேகால் வரைக்கும் ராகு கிட்டயே வரமாட்டாரு" என்று அந்தத் தாளைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தீர்கள். சாமி இல்லை என்கிறவர் குறித்த நேரத்தில் தாலி கட்டுவதா என்று அவர் வீட்டில் ஒரே அமளி. "சாமி இருக்குன்னவங்க குறிச்சதுதானே தப்பாயிருச்சு? இதுல தப்பு இருந்தா காட்டுங்க" என்றீர்களாம். நானே பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாமா மூன்று நாள் தவணை கேட்டார்.

சனிக்கிழமை அவர் நம் வீட்டுக்கு வந்ததை நான் மறக்கவே மாட்டேன். தலைமுடியெல்லாம் ஈரம். கையில் கடிகாரம்.

"மூணு நாளா விடியக்காலைல கடற்கரைல போய் நின்னேன் சம்பந்தி. ஒரே மேகம். சூரியனையே பாக்க முடியல."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆனா நீங்க எழுதியிருக்கீங்க, அதனால உதிச்சிருக்கும்னு நம்புதேன். கண்ணால பாக்கல, சொன்ன ஆளு மேல நம்பிக்கை. இதைத்தானய்யா நானும் இத்தனை வருஷமா மேடைல சொல்லுதேன்!"

நீங்கள் அசந்துபோனீர்கள் அப்பா. நான் கதவிடுக்கில் பார்த்தேன். பிறகு உங்கள் மீசை துடித்தது.

"மேகம் விலகினா என் சூரியன் தெரியும். உங்க ஆளு எப்ப தெரிவாரு?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாசி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். எனக்குக் கல்யாணம் நிச்சயம் என்பது அந்தச் சிரிப்பில்தான் உறுதியானது.

திங்கட்கிழமையும் மழை. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஜனம் வந்து உட்கார்ந்திருந்தது. வானம் இருட்டாகவே இருந்தது. மேளக்காரர் முதல் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து, "உதிச்சாச்சு" என்றீர்கள். ஒருவர்கூட வானத்தைப் பார்க்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. பந்தியில் மாமா எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்: "இத்தனை காலமா தப்பான நேரத்துல கட்டியும் எல்லாரும் நல்லா இருக்கோம். அதனால சாமி இல்லங்காரு சம்பந்தி. தப்பையெல்லாம் பொறுத்துக்கிட்டு ஒருத்தன் இருக்கான், அதனாலதான் நல்லா இருக்கோம்னு நான் சொல்லுதேன்." நீங்கள் சாம்பாரைப் பிசைந்தபடி, யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள். யோசித்தீர்களா? கடைசிவரை சொல்லவே இல்லையே.

அதன்பிறகு தீவில் கல்யாணம் என்றால் உங்களிடம்தான் ஓடிவந்தார்கள். "சூரியனுக்கு நான் பொறுப்பு, ராகுவுக்கு நீங்க பொறுப்பு" என்று சலித்துக்கொண்டே எழுதிக்கொடுப்பீர்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த உங்கள் தோழர் ஒருவர், கொள்கையை விற்றுவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு பொய்யும் சொல்லாமல் மகளைக் கரையேற்றினேன் என்று மட்டும் சொன்னீர்கள். அன்றைக்கு நான் கார் நிக்கோபாரில் இருந்தேன். அம்மா கடிதத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தக் கடிதத்தை அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காட்டினேன். பார், இவர்தான் என் அப்பா என்று.

இப்போது முந்தாநாள் கதை. சித்திரை விழா வந்தது. "இல்லை" பக்கம் பேச ஆள் இல்லை, தலைப்பை மாற்றிவிடலாம் என்று விழா நடத்தும் சங்கத்தில் முடிவு செய்தார்கள். மாமா தடியை ஊன்றி எழுந்தார். மாற்றக்கூடாது, அந்தப் பக்கம் நான் பேசுகிறேன் என்றார்.

உண்டு என்று பேச ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார், பாவம். மாமா உங்கள் வாதங்கள் ஒன்றையும் விடவில்லை. கடலில் போய்த் திரும்பி வந்தவனின் பெண்டாட்டி வேண்டிக்கொண்டதையும், திரும்பி வராதவனின் பெண்டாட்டியும் அதே சாமியிடம்தான் வேண்டிக்கொண்டாள் என்பதையும், நீங்கள் சொன்ன அதே நிறுத்தத்தோடு சொன்னார். நீங்கள் பேசியபோது அவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா முன்வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு குலுங்கினாள். கைகள் உயர்ந்தன. "இல்லை" ஜெயித்தது. இந்த முறை நான் கைவலிக்கத் தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கால் கழுவிக்கொண்டு நேராக முருகன் படத்தின் முன்னால் போய் நின்றார்.

"சாமி கோவிச்சுக்காதா மாமா?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்கிடட்டும்மா. அவருக்காகப் பேச ஆயிரம் பேரு இருக்காக. சம்பந்திக்கு யாரு இருக்கா?"

அதற்குப் பதில்தான் அப்பா இந்தக் கடிதம்.

எனக்குச் சாமி உண்டு. தினமும் விளக்கேற்றுகிறேன், அது உங்களுக்கும் தெரியும். அது எனக்கும் அவருக்கும் உள்ள சங்கதி. மாமாவுக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருஷம் அவர் தன் பக்கத்துக்குத் திரும்பட்டும். உங்கள் பக்கத்தில் நான் ஏறி நின்று பேசுகிறேன். தீவில் இதுவரை எந்தப் பெண்ணும் அந்த மேடையில் ஏறியதில்லை என்கிறார்கள். ஏறுவேன். ஒரு பொய்யும் இல்லாமல், எனக்கு நம்பிக்கை உண்டு என்பதை முதலில் சொல்லிவிட்டே, உங்களுக்காக வாதாடுவேன். முருகன் எதிரே உட்கார்ந்து கேட்டாலும் சரி, விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்திக்கு யாருமில்லை என்று யாரையும் சொல்லவிடாத
உங்கள் மகள்,
கொடி