நாயகிக்குப் பூசிய நிறம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் இயக்கும் நாலாவது படம் முடிவாகிவிட்டது. இந்த முறை அயோக்கியர்களைத் தேடிப்போய் உதைப்பது ஆண் இல்லை, பெண். அதுவும் நம்மைப் போல் கறுத்த பெண். பிள்ளை கடத்துகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து நொறுக்குகிறாள். பத்திரிகைக்காரர்கள் இப்போதே புரட்சி என்கிறார்கள். சண்டைக் காட்சிகளில் நாயகிக்கு டூப்பாக நீதான் வரவேண்டும். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் பொடியன்

பிப்ரவரி 11

பொடியா,

முழங்கால் கிடக்கட்டும். கறுத்த பெண் என்று எழுதினாயே, நடிக்கப்போகிறவள் பால் நிறத்துக்காரி என்பதை ஏன் எழுதவில்லை? நான் சம்மதிக்கும் முன்பே மேக்கப்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னை வெளிச்சத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, "இந்தக் கலர் அப்படியே மேடத்துக்கு வரணும்க்கா" என்றார். கறுப்பு வேண்டும், கறுத்தவள் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறதப்பா உன் புரட்சி.

உன் மூன்று படத்திலும் உதை வாங்கியவனெல்லாம் நம் தெருக்காரன் சாயல். ஹீரோ சட்டைக் கையை மடிப்பான். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, மூஞ்சியைப் பார்த்தே அடிப்பான். தியேட்டரில் விசில் பறக்கும். அந்த மூஞ்சிகளைப் பொறுக்கி எடுத்தது நீதானே?

வருகிறேன். ஒரே நிபந்தனை. இத்தனை வருஷம் கண்டவளுக்காகவும் குதித்துவிட்டேன். ஒரு காட்சியிலாவது என் முகம் தெரியவேண்டும். அம்மா பார்க்கவேண்டும்.

உன் அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்கா,

மொட்டைமாடியிலிருந்து நீ குதித்தபோது விக் நழுவி உன் முகம் தெரிந்ததே, அந்த ஷாட்டை வைக்கத்தான் பார்த்தேன். தயாரிப்பாளர், "யாருய்யா இது? ஜனங்க குழம்பிடுவாங்க" என்று கம்ப்யூட்டரில் மேடம் முகத்தை ஒட்டச் சொல்லிவிட்டார். அவரை மீற முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, அடுத்த படத்தில் வேடமே தருகிறேன். முதல் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா.

உன் பொடியன்

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

படம் பார்த்தோம். என் முகம் வந்தது. பிள்ளை கடத்துகிறவர்களின் போட்டோக்களைச் சுவரில் ஒட்டி உன் நாயகி சிவப்பு மையால் குறுக்கே அடிக்கிறாளே, அதில் மூன்றாவது நான். நிறம் பார்க்க மேக்கப்காரர் எடுத்த அதே போட்டோ. கலை உதவியாளனைக் கேட்டேன். "அவசரமா ஒரு கெட்டவ மூஞ்சி வேணும்னாங்க. மேக்கப் கண்ணாடியில ஒட்டியிருந்துச்சு, எடுத்துட்டேன். நீங்கன்னு கவனிக்கலக்கா" என்றான். என் நிறத்தைப் பூசிக்கொண்டு ஒருத்தி என் முகத்தை அடிக்கிறாள். மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த உனக்குமா உறுத்தவில்லை? உறுத்தியிருக்காது. கெட்டவள் என்றால் உன் கண்ணுக்கு இந்த மூஞ்சிதான்.

அம்மாவுக்குக் கதை பிடிபடவில்லை. "பாத்தியா, தம்பி உன் போட்டோவ எவ்ளோ பெருசா காட்டிட்டான்" என்றாள் என்னிடம். பக்கத்து சீட்டுக்காரியிடமும் சொல்லிக்கொண்டாள்.

நேற்று பஸ்ஸில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் தாய் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டாள். "இவள எங்கயோ பாத்திருக்கேங்க. ஆளு சரியில்ல" என்றாள். புருஷன் எழுந்து சட்டைக் கையை மடித்தான். மாடி விட்டு மாடி தாவுகிறவள் நான். பயந்துபோய்ப் பாதி வழியில் இறங்கிவிட்டேன்.

அடுத்த பட வேடத்தை வேறு யாருக்காவது கொடு. வீட்டுக்கு வந்தால் அம்மாவைப் பார், சாப்பிடு, போ. அந்த நேரம் நான் இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சுவரில் மூன்றாவது ஆள்